எட்டு நிலை வீரர்

மனித நாகரிகத்தின் போக்கைத் திருப்பிப் போட்ட கருவிகள் மூன்று. முதலாவது சக்கரம். இரண்டாவது அச்சு இயந்திரம். மூன்றாவது, 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், புதுச்சேரி சாரத்தில் வெற்றிச்செல்வனின் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சட்டையைத்தான் அவன் அம்மா சின்னப்பாப்பா சோப்புத் தண்ணி வாளியில் முக்கப் போனாள்.

“யம்மா! வுடு, வுடு! அதுக்குள்ள ஆயிரத்து இருநூறு கேம் இருக்குது!”

“பீடா டப்பான்னு நெனச்சேன்” என்றாள் சின்னப்பாப்பா. “புது கெட்ட பழக்கமோன்னு பாத்தா, பழைய கெட்ட பழக்கந்தானா.”

சட்டை வாளிக்குள் போனது, கருவி பிழைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெள்ளைப் பெட்டி அது. நடுவில் இரண்டு தீப்பெட்டி அகலத்துக்குத் திரை, இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலது பக்கம் உருண்டையாக நான்கு பொத்தான்கள். சொந்தமாக அதற்கென்று ஒரு குணமும் கிடையாது, பெருமையே அதுதான். எமுலேட்டர் என்ற நிரலைத் திறந்துவிட்டால், இருபது வருஷத்துக்கு முந்தைய எந்த வீடியோ கேம் மெஷினைப் போலவும் அச்சு அசலாக நடிக்கும். ஒரு காலத்தில் டிவியில் சொருகி, கேசட்டை ஊதி ஊதி மாட்டி, பிள்ளைகள் அடித்துக்கொண்டு ஆடிய மெஷின்கள் அத்தனையும் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றுக்குள் சத்தமில்லாமல் படுத்திருந்தன.

ஆயிரத்து இருநூறில் வெற்றிச்செல்வனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதன் நிஜப் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்ததால் புதுச்சேரியில் யாருக்கும் தெரியாது. கையில் கத்தியோடு ஒருவன் ஓடுவான், ஆகவே கத்திக்காரன். எட்டு நிலைகள். எட்டாவதில் பூதம்.

1994ஆம் வருஷம், தன் பதினாலாவது வயதில், அந்த எட்டு நிலைகளையும் ஒரே உயிரில், ஒரு தடவைகூடச் சாகாமல், வெற்றிச்செல்வன் முடித்தான். அப்படித்தான் அவன் சொன்னான். சொன்னதோடு நிற்கவில்லை. அவன் வேலை பார்த்த டைல்ஸ் கடையில் மிச்சம் விழுந்த கறுப்பு கிரானைட் துண்டில் பொறித்து, வீட்டு கேட் தூணில் பதித்துவிட்டான்:

வெற்றிச்செல்வன், பி.காம்.,
எட்டு நிலை வீரர்

முதன்முதலாக அதைப் படித்த கூரியர்காரர் நெடுநேரம் யோசித்தார். “கோபுரம்னா அஞ்சு நிலை, ஏழு நிலை, ஒம்போது நிலைதான் சார் கேள்விப்பட்டிருக்கேன். எட்டுன்னு வராதே?”

அவருக்கு என்ன தெரியும். தெரிந்த ஒருவன் ஜூலை மாதம் வந்தான். ஸாகிப், வெற்றிச்செல்வனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். முத்தியால்பேட்டையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தாரே ஜமால் பாய், அவருடைய மகன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவன் கேட்டில் நின்று கல்லைப் படித்துவிட்டு, வண்டி ஸ்டாண்டைக்கூடப் போடாமல் சிரித்தான்.

“டேய் செல்வா, இது இன்னாடா? கத்திக்காரனா? ஒரே உயிர்லயா? எங்க அத்தா கடையில அதே கேம ஊரே ஆடிச்சி. நாலாவத தாண்டின ஒரு ஆள நான் பாத்ததில்ல. நீ ஒரு நாள் வந்த, ஒரு நிமிஷத்துல செத்த, எழுந்து போய்ட்ட.”

“உங்க கடையில இருந்தது டூப்ளிகேட் மெஷின். ஜாய்ஸ்டிக்கே வழவழன்னு இருந்துச்சி. எங்கப்பா பிரான்ஸ் பட்டாளத்துல, தூலோன்ல சொல்தாவா இருந்தப்ப கொண்டாந்தது ஒரிஜினல் பிரான்ஸ் சரக்கு. ஒரிஜினல்ல ஆடுறவன் ஒரிஜினல்லதான் ஜெயிப்பான்.”

“அந்த ஒரிஜினல் எங்க இப்போ?”

“அது... தானா... கெட்டுப்போச்சி.”

“சரி. எதுலயாவது ஆடிக் காட்டு. எல்லார் முன்னாடியும். முடிச்சிட்டன்னா நானே உனக்கு மால போடுறேன். முடிக்கலன்னா இந்தக் கல்ல நீயே பேத்துக் கடாசணும்.”

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். வெற்றிச்செல்வன் விழா எடுத்தான். ‘புதுவை மின்விளையாட்டு மரபு மன்றம்’ ஒரே வாரத்தில் உதயமானது. தலைவர் வெற்றிச்செல்வன், செயலாளர் அவன் சிநேகிதன் கமலக்கண்ணன், உறுப்பினர் சேர்க்கை நடைபெறுகிறது. ரப்பர் ஸ்டாம்பு வந்தது, லெட்டர்பேடு வந்தது. ‘எட்டு நிலைகள்: ஒரு வீரனின் நினைவுகள்’ என்று பதினாறு பக்கப் புத்தகம் ஒன்றும் வந்தது. அதில் முதல் நிலையின் மூங்கில் காட்டுக்கு இரண்டு பக்கம், ஐந்தாம் நிலையின் உருளும் பாறைகளுக்கு மூன்று பக்கம், எட்டாம் நிலையின் பூதத்துக்கு நான்கு. ஆறாம் நிலைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: ‘ஆறாம் நிலையும் கடக்கப்பட்டது.’

நேரில் பார்த்த சாட்சி உண்டா என்று கேட்பவர்களுக்குக் கமலக்கண்ணன் இருந்தான். அன்றைக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழாவது நிலை ஓடிக்கொண்டிருந்தது. ஏழையும் எட்டையும் கண்ணால் கண்டவன். முதல் ஆறும் அவனுக்குக் கேள்வி ஞானம்.

கருவி வாங்கியது நூரீனிடம். நூரீன் ஸாகிப்பின் தங்கை. வீடியோ கேம் கடை இருந்த அதே இடத்தில் இப்போது மொபைல் கடை நடத்துகிறாள். மெமரி கார்டு, சார்ஜர், பாட்டு ஏற்றுவது, தண்ணீரில் விழுந்த போனுக்கு உயிர் கொடுப்பது. சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் மூலம் பெட்டியை வரவழைத்து, கேம்களை ஏற்றி, டிவியில் மாட்டும் வயரோடு கொடுத்தாள். கைக்கு வந்தது புதன்கிழமை. விழா ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை சோப்பு வாளியிலிருந்து மீட்ட கையோடு வெற்றிச்செல்வன் கத்திக்காரனைத் திறந்தான். அதே மூங்கில் காடு! அதே நீல வானம்! அதே டிங்-டிங்-டிடிங்! அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஸ்டார்ட்டை அழுத்தினான். மூங்கில் விழுந்தது, கத்திக்காரன் செத்தான்.

கை பழக வேண்டும் அல்லவா. மறுபடி. மூங்கிலைத் தாண்டினான், பள்ளத்தில் விழுந்தான். மறுபடி. மத்தியானத்துக்குள் முப்பத்தோரு முறை செத்தான். இரண்டாம் நிலையின் மரப்பாலத்தை ஒரு தடவை தொட்டான். பலகை அவனுக்கு முன்னால் விழுந்தது. எல்லாமே அவன் நினைத்ததற்கு ஒரு கண்சிமிட்டல் முன்னால் வந்தது.

வயசாகிவிட்டதா? இருபத்தொன்பதிலா? வெள்ளிக்கிழமையும் கடைக்கு லீவு போட்டான். கண் டாக்டரிடம் போனான்; கண் நன்றாக இருந்தது. கை நடுக்கமா என்று பேனாவை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தான், பேனா அசையவில்லை. பாதாம் பால் குடித்தான். சனிக்கிழமை காலை எண்ணிக்கை நூற்றைம்பதைத் தாண்டியபோது சின்னப்பாப்பா எட்டிப் பார்த்து, “இன்னும் அந்த மூங்கிலாண்டதான் நிக்கறியா?” என்றாள்.

வாசலில் ஃப்ளெக்ஸ் வந்து இறங்கியது. பத்தடிக்கு ஆறடி. அதில் அவன் கைகட்டி நின்றான். பின்னால் எட்டாம் நிலைப் பூதம் அவனைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது.

வெற்றிச்செல்வன் வண்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் பறந்தான்.

“நூரீன், நீ குடுத்த பெட்டி டூப்ளிகேட்.”

“எல்லாமே டூப்ளிகேட்தான் அண்ணே. அதுக்குத்தான் அது பேரே எமுலேட்டர். இன்னா ஆச்சி?”

“வேகமா ஓடுது.”

நூரீன் பெட்டியை வாங்கி ஒரு நிமிஷம் ஆடினாள். ஒரு கையால் கஸ்டமருக்கு ஸ்க்ராட்ச் கார்டு எடுத்துக் கொடுத்தபடியே மூங்கில் காட்டைத் தாண்டிவிட்டாள். “சரியாத்தான ஓடுது. எங்க கடையில இப்படித்தான் ஓடும்.” அப்புறம் அவள் கட்டைவிரல் நின்றது. “உங்கப்பா கொண்டாந்தது பிரான்ஸ் மெஷின் இல்ல?”

“ஒரிஜினல்.”

“அதான் விஷயம்!” நூரீன் துள்ளாத குறை. “அண்ணே, ஜப்பான் மெஷினு செகண்டுக்கு அறுவது படம் காட்டும். பிரான்ஸ்ல டிவி அம்பதுதான் எடுக்கும்னு அங்க வித்த மெஷின அம்பதுக்கு எறக்கி வுட்டுட்டாங்க. கேம் ஒண்ணுதான். ஆனா உங்க வீட்ல எல்லாமே ஆற அமர நடந்திருக்கும். மூங்கிலு யோசிச்சி விழுந்திருக்கும். எங்க அத்தா ஜப்பான் மெஷினுக்குன்னே எல்லா சிஸ்டமும் எடுக்கற டிவி வச்சிருந்தாரு.”

“அப்போ... உங்க கடையில இருந்தது?”

“அதாண்ணே நெஜ வேகம்.”

பதினைந்து வருஷமாகத் தூக்கிப் பிடித்த பிரெஞ்சு ஒரிஜினல், முத்தியால்பேட்டையில் ஒரு மொபைல் கடைக் கவுண்டர் மேல் மெதுவாகப் படுத்துக்கொண்டது. வெற்றிச்செல்வன் தண்ணீர் கேட்டான். ஆனால் நூரீன் அதற்குள் மெனுவைத் திறந்துவிட்டாள். அறுபது என்று இருந்ததை ஐம்பது என்று மாற்றினாள். “இந்தாங்க. இப்ப உங்க வீட்டு மெஷின் மாதிரி நடிக்கும்.”

அவன் வாங்கி அழுத்தினான். டிங்... டிங்... டி-டிங். ஆஹா. இதுதான் அந்தப் பாட்டு, கொஞ்சம் இழுவையாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி! மூங்கில் சாய்ந்தது, அவன் விரல் தானாகத் தாவியது. பள்ளம், தாவல். பாலம், பலகை, தாவல். தீத்துளி. படகு. கவுண்டரில் நின்ற கஸ்டமர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ரீசார்ஜ் செய்ய வந்ததையே மறந்தார். உருளும் பாறைகள் ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்பது! ஐந்தாம் நிலை முடிந்தது! வெற்றிச்செல்வன் கடைக்கு நடுவில் நின்று ஒரு குதி குதித்தான்.

ஆறாம் நிலையின் குகை வாசல் திரையில் வந்தது. அவன் பெட்டியை அணைத்தான்.

“இன்னாண்ணே, நல்லா போய்ட்டிருக்குது?”

“பேட்டரிய சேத்து வைக்கணும்.”

“சரி. ஆனா ஒண்ணு, சபையில சொல்லிட்டு ஆடுங்க. உங்க மெஷின் வேகத்துல ஆடுறது ஏமாத்து இல்ல. சொல்லாம ஆடினா ஏமாத்து.”

சொல்வதாக வாக்குக் கொடுத்தான். வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாகத் தவளக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை கலைவாணிக்குப் போன் போட்டான்.

“நாளைக்கு நீ கண்டிப்பா வரணும். முன் வரிசை. என்னோட எடது கைப் பக்கம் உக்காரணும்.”

“ஏன், எடது பக்கம் இன்னா?”

“தங்கச்சின்னா ஒரு மரியாத வேணாமா.”

“மூணு வருஷமா என் பொறந்த நாளுக்கே போன் பண்ணல நீ” என்றாள் கலைவாணி. ஆனால் வருவதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு விழா மண்டபம் நிரம்பியிருந்தது. காலையில் அங்கே காதணி விழா. மேடைக்குப் பின்னால் தெர்மாகோல் மயில்கள் அப்படியே இருந்தன. சாரத்து ஆட்கள் டீக்கும் கேசரிக்கும் வந்திருந்தார்கள். முத்தியால்பேட்டை ஆட்கள் கல்லைப் பேர்ப்பதைப் பார்க்க வந்திருந்தார்கள். ஜமால் பாய் கடையில் காலத்தைக் கழித்த முப்பது, முப்பத்தைந்து பேர், இப்போது தொந்தியும் பிள்ளைகளுமாக, ஸாகிப்புக்குப் பின்னால் ஒரு கட்சி மாதிரி உட்கார்ந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் அம்மாவாசை, மீன்வளத்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குத்துவிளக்கு ஏற்றினார். கருவியைக் கையில் கொடுத்ததும் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு வீடியோ கேம் எப்படி இளைய தலைமுறையைச் சீரழிக்கிறது என்று இருபது நிமிடம் உணர்ச்சிகரமாகப் பேசி, வெற்றிச்செல்வனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மேடையில் இருபத்தொன்பது அங்குல டிவி. கருவியிலிருந்து வயர் போனது. வெற்றிச்செல்வன் மைக்கைப் பிடித்தான்.

“அன்பார்ந்த பெரியோர்களே! இன்று நீங்கள் காணப்போவது சாதாரண வேகம் அல்ல. பிரெஞ்சு மரபு வேகம்! அவசரமில்லாத, பண்பட்ட, ஐரோப்பிய வேகம்!”

நூரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சொல்லிவிட்டான், அதை மறுக்க முடியாது.

டிங்... டிங்... டி-டிங்.

முத்தியால்பேட்டைப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

“இன்னாடா பாட்டு, சங்கீத கச்சேரி மாதிரி இழுக்குது!”

“மச்சான், மூங்கிலு லீவு லெட்டர் எழுதிட்டு விழுதுடா!”

“டேய் செல்வா, நான் போய் டீ சாப்ட்டு வர்றேன், அதுக்குள்ள அடுத்த பள்ளம் வருமா?”

அவன் காதில் எதுவும் விழவில்லை. அவன் விரல்கள் பதினாலு வயசுக்குப் போய்விட்டன. மூங்கில் காடு முடிந்தது. பாலத்தில் பலகைகள் ஒவ்வொன்றாக விழ, அவன் ஒவ்வொன்றிலும் கால் வைத்து எழும்பினான். கிண்டல் மெல்லக் குறைந்தது. தீத்துளிகளில் ஒன்றுகூடப் படவில்லை. நாலாம் நிலையின் படகு வந்தபோது ஸாகிப் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். பாதிப் படகில் அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

“மேல பாரு! மேல கல்லு!”

தாண்டினான்! நாலு முடிந்தது! ஜமால் பாய் கடையில் ஒருத்தரும் பார்த்திராத ஐந்தாம் நிலை டிவியில் விரிந்தது. முப்பத்தைந்து தொந்திகளும் எழுந்து நின்றன. வேகமாவது ஒன்றாவது! இவர்கள் பதினைந்து வருஷமாகப் பார்க்க நினைத்த இடம் அது. பாறைகள் உருண்டன. “வருது வருது!” “குதி!” “பின்னால ஒண்ணு!” அம்மாவாசை, இளைய தலைமுறையை மறந்து, “வலது பக்கம், வலது பக்கம்!” என்று செருப்பால் தரையைத் தட்டினார். ஒன்பதாவது பாறை கத்திக்காரனின் குதிகாலை உரசிக்கொண்டு போனது. மண்டபம் ஒரே கூச்சல். யாரோ விசிலடித்தார்கள். ஸாகிப், வாங்கி வைத்திருந்த மாலையைப் பையிலிருந்து வெளியே எடுத்தே விட்டான்.

திரையில் குகை வாசல் வந்தது. பாட்டு தணிந்தது. இருட்டுக்குள்ளிருந்து இறக்கை அடிக்கும் சத்தம்.

வெற்றிச்செல்வனின் கட்டைவிரல் ஒரு பொத்தானை அழுத்தியது. எல்லாம் நின்றது.

அவன் மைக்கை எடுத்தான். “இந்த இனிய தருணத்தில், மைக் செட் அமைத்துக் கொடுத்தவர்களுக்கும், நாற்காலி வழங்கியவர்களுக்கும்...”

“டேய், நன்றியுரை கடைசியிலதான்டா! ஆடு!”

“...சுவையான கேசரி தயாரித்தவர்களுக்கும்...”

“ஆடுடா!”

அவன் நெற்றியில் வியர்வை பொன்னாடை வரை வழிந்தது. நன்றி சொல்ல ஆட்கள் தீர்ந்துபோனார்கள். மெமரி கார்டுக்குக்கூட நன்றி சொல்லியாயிற்று. அப்போது, அவன் முகம் சபையைப் பார்த்தபடி இருக்க, அவன் இடது கை மட்டும், யாரும் கேட்காமல், கருவியை ஏந்திக்கொண்டு பக்கவாட்டில் நீண்டது.

முன் வரிசையில் கலைவாணி அந்தக் கையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். இடுப்பில் இருந்த குழந்தையைக் கமலக்கண்ணன் மடியில் உட்கார வைத்தாள். மேடையேறினாள்.

“குடு.”

குகைக்குள் கூட்டம் கூட்டமாகக் கறுப்பாக வந்தன. ஒன்று, மூன்று, ஏழு. கலைவாணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினாள், அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்குகிற முகத்தோடு. வெற்றிச்செல்வன் டிவிக்கு முதுகைக் காட்டி நின்று பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்தான். சரிசெய்துகொண்டே இருந்தான்.

“முடிஞ்சிதா?” என்று திரும்பாமல் கேட்டான்.

“முடிஞ்சிது. இந்தா, ஏழு.”

ஏழையும் எட்டையும் அவன் முடித்தான், அதில் குறை சொல்ல முடியாது. “ஏழாவதுல நான் வந்தேன்!” என்று கமலக்கண்ணன் குழந்தையோடு எழுந்து நின்று கத்தினான். பூதம் விழுந்ததும் மண்டபமே ஆடியது. ஸாகிப் மேடையேறினான், கையில் மாலையோடு அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அன்னிக்கும் ஆறாவத நீதான் ஆடினியா கலை?”

“அன்னிக்கும் நான்தான். எப்பவும் நான்தான்.”

மாலை கலைவாணிக்குப் போனது. கல்லைப் பேர்க்க வேண்டாம் என்று முத்தியால்பேட்டைக் கட்சி பெருந்தன்மையாக முடிவு செய்தது. ஒரே ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். அடுத்த வாரம் டைல்ஸ் கடையிலிருந்து புதுத் துண்டு வந்து தூணில் ஏறியது. ‘வெற்றிச்செல்வன், பி.காம்., ஏழு நிலை வீரர்.’ கூரியர்காரர் படித்துவிட்டு, “இப்பத்தான் சார் கணக்கு சரியா வருது” என்றார்.

ஆறாம் நிலையில் வருபவை வவ்வால்கள். வெற்றிச்செல்வனுக்கு வவ்வால் என்றால் பயம்.